தன் கையால் கட்டிய சிறு விமானம்: பராமரிப்புக்கும் பழுது காண்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தொழிற்சாலையில் உருவாகும் விமானத்துக்குத் தடிமனான பராமரிப்புக் கையேடு உண்டு. அதே வகையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான விமானங்கள் பறந்து, எந்தப் பாகம் எத்தனை மணி நேரத்தில் தேயும் என்பதை ஏற்கெனவே காட்டியிருக்கும். வீட்டுக் கொட்டகையில் கட்டிய விமானத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டியவையானாலும் இரண்டு விமானங்கள் ஒன்றுபோல் அமைவதில்லை. எரிபொருள் குழாய் செல்லும் வழி, மின்கம்பிகளைக் கட்டிய விதம், பேட்டரி இருக்கும் இடம் என ஒவ்வொன்றிலும் கட்டியவரின் கை தெரியும். ஆகவே உங்கள் விமானத்தின் கையேட்டை எழுத வேண்டியவர் நீங்களே. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டியவருக்குத் தம் வேலையில் நம்பிக்கை அதிகம். தாம் செய்ய நினைத்தது கண்ணில் நிற்கும் அளவுக்கு, உண்மையில் செய்தது நிற்பதில்லை. பராமரிப்பின்போது சொந்த வேலையை முன்பின் அறியாத ஒருவர் செய்த வேலையைப் போல நடத்த வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை.

சட்ட விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 12 மாதங்களுக்கு ஒருமுறை நிலைப் பரிசோதனை (விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் உள்ளதா என்ற சோதனை) கட்டாயம். விமானத்தைக் கட்டியவர் அதற்கான சான்றிதழைப் பெற்றுத் தாமே அதைச் செய்யலாம். வேறு நாடுகளில் அங்கீகாரம் பெற்ற பரிசோதகரின் கையொப்பம் தேவைப்படலாம். உங்கள் நாட்டின் விதியை முதலில் அறிந்துகொள்ளுங்கள். விதி உங்களையே அனுமதித்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது வேறொருவரை அழைத்து முழு விமானத்தையும் காட்டுவது நல்லது.

நலமாக இருக்கும்போதே அளந்து வைத்தல்

பழுது வந்தபின் அளக்கத் தொடங்கினால் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாது. எனவே முதல் வேலை, விமானம் நன்றாக ஓடும் நாளில் அதன் அளவுகளைக் குறிப்பேட்டில் பதிவதாகும். நின்ற இடத்தில் திராட்டிலை (இயந்திரத்தின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) முழுதாகத் திறந்தால் எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கான சுழற்சி) வருகிறது, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒவ்வொன்றிலும் தனியாக ஓட்டும்போது அது எவ்வளவு குறைகிறது, சூடான நிலையில் ஆயில் அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு, ஒவ்வொரு சிலிண்டரின் தலை வெப்பமும் புகைபோக்கி வாயு வெப்பமும் எவ்வளவு, கம்ப்ரெஷன் சோதனையில் (சிலிண்டர் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கிறதா என்ற சோதனையில்) என்ன கிடைத்தது, வெற்று எடையும் ஈர்ப்பு மையமும் எங்கே நிற்கின்றன என்பவற்றை எழுதுங்கள். அன்றைய வெளி வெப்பநிலையையும் உடன் குறியுங்கள். அது இல்லாவிட்டால் இந்த எண்களுக்கு மதிப்புக் குறைவு. ஓர் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்பதைவிட, சென்ற முறையிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதே அதிகம் சொல்லும்.

எரிபொருள்: முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம்

வீட்டில் கட்டிய விமானங்களில் இயந்திரம் நின்றுபோகும்போது, குற்றம் பெரும்பாலும் இயந்திரத்தின் உட்பகுதியில் இருப்பதில்லை. அதற்கு எரிபொருளையும் காற்றையும் தீப்பொறியையும் கொண்டுவரும் அமைப்பிலேயே இருக்கும். அந்த அமைப்பைத்தான் நாம் நம் கையால் அமைத்திருக்கிறோம்.

1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில், வேறொருவர் வீட்டில் கட்டி, தாம் அண்மையில் வாங்கிய லாங்-ஈசி விமானத்துடன் விழுந்து இறந்தார். பர்ட் ரூட்டன் வடிவமைத்த அந்த விமானத்தில், எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வின் கைப்பிடியைக் கட்டியவர் வரைபடத்தில் காட்டிய இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடலை முறுக்கிக் கை நீட்ட வேண்டும். அப்போது கட்டுப்பாடு கைவிட்டுப் போக இடமுண்டு. கட்டியவருக்கு நியாயமாகத் தோன்றிய ஒரு மாற்றம், அதை ஓட்டும் இன்னொருவருக்கு எமனாகிவிடக்கூடும். உங்கள் இருக்கையில் வாரைக் கட்டிக்கொண்டு அமர்ந்து, கண்ணை மூடி, எரிபொருள் வால்வை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பிப் பாருங்கள். கை தடுமாறினால் அதுவும் ஒரு பழுதே.

ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் தொட்டியின் அடியிலும், அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள வடிகட்டிக் கிண்ணத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. எனவே கண்ணாடிக் குப்பியின் அடியில் முத்துப்போல் உருண்டு நிற்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குப்பி முழுவதும் நீராகவே இருந்தால் இரண்டு அடுக்கு தெரியாது. தெளிவான ஒரே திரவமாகத் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும். விமானப் பெட்ரோலான 100எல்எல் நீல நிறமுடையது என்பதால் வெள்ளைப் பின்னணியில் குப்பியைப் பிடித்து நிறத்தைப் பாருங்கள், மணத்தையும் பாருங்கள். வாகனப் பெட்ரோல் பயன்படுத்துவோர் அதில் எத்தனால் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். எத்தனால் நீரை ஈர்ப்பதோடு, சிலவகை ரப்பர் குழாய்களையும் தொட்டி உட்பூச்சுகளையும் இளக்கிவிடும்.

அடுத்தது பாய்வுச் சோதனை. ஏற்றத்தில் இருக்கும் கோணத்துக்கு மூக்கை உயர்த்தி வைத்து, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அளவுக் கலத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். ஈர்ப்பு விசையால் மட்டும் பாயும் அமைப்பானால் இயந்திரத்தின் உச்சத் தேவையில் 150 விழுக்காடும், பம்பு வைத்த அமைப்பானால் 125 விழுக்காடும் வர வேண்டும். இயந்திரம் உச்ச நிலையில் மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் என்றால், ஈர்ப்புப் பாய்வில் நிமிடத்துக்கு 1 லிட்டர் வந்தாக வேண்டும். தொட்டியில் எரிபொருள் குறைவாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். திறந்த வெளியில், தீயணைப்பானை அருகில் வைத்து, விமானத்தையும் கலத்தையும் கம்பியால் இணைத்துத் தரையிணைப்புக் கொடுத்தபின் தொடங்குங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் விமானத்தின் இயந்திரம் ஏறக்குறைய 20 நிமிடம் சீராக ஓடியபின் தடுமாறத் தொடங்கியது. இறங்கித் தரையில் ஓட்டினால் ஒரு குறையும் தெரியவில்லை. பிளக்குகளை மாற்றினேன்; கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன்; பம்பையும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் தரைச் சோதனையில் தேறிய இயந்திரம், ஓடுபாதைக்கு மேலே வட்டமிடும்போது அதே நேரத்தில் அதேபோல் திணறியது. ஒருநாள் இறங்கிய கையோடு தொட்டியின் மூடியைத் திருகியபோது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டது. தொட்டியின் காற்றுக் குழாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். வாயிலிருந்து விரற்கடை ஆழத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. எரிபொருள் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் வளர்ந்து பாய்வை மெல்ல நெரித்திருக்கிறது. இறங்கி நிற்கும் நேரத்தில் காற்று கசிந்து சமநிலை திரும்பியிருக்கிறது. அந்தக் குழாயை வளைத்துப் பொருத்தியது நானே. அதனால்தான் அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. இப்போது விமானம் நிற்கும்போதெல்லாம் காற்றுக் குழாய்க்கும், வேகமானிக்குக் காற்றைத் தரும் பிட்டோ குழாய்க்கும் சிவப்பு நாடா கட்டிய உறை போடுகிறேன். குழாயில் இரண்டாவது சிறு துளையும் வைத்திருக்கிறேன்.

உடற்பகுதியும் இறக்கைகளும்

எந்தப் பொருளால் கட்டினீர்களோ அதற்கேற்ப நோயும் மாறும். அலுமினியத் தகட்டில் ரிவெட்டுகளைச் சுற்றிக் கருநிறக் கோடு வழிந்திருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து தகட்டோடு உராய்கிறது என்று பொருள். வண்ணப் பூச்சின் கீழே வெண்பொடி கிளம்பினால் அது அரிமானம். எஃகுக் குழாய்ச் சட்டத்தில் பற்றவைத்த முடிச்சுகளின் ஓரத்தில் மயிரிழை விரிசலைத் தேட வேண்டும். ஐயமிருந்தால் ஊடுருவும் சாயம் பூசித் துடைத்துப் பார்த்தால் விரிசல் தானே கோடாகத் தெரியும். மரத்துக்கு ஈரமே பகை. வடிகால் துளைகள் அடைபட்டுவிட்டால் இறக்கையின் பின்விளிம்பில் நீர் தங்கி ஒட்டுப் பசை விடும். துணி போர்த்திய விமானத்தில் பாலியெஸ்டர் துணியை வெயிலின் புற ஊதாக் கதிர் தின்றுவிடும். அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு அதற்கான குடை என்பதால், துணி வழியே உள்ளிருக்கும் விளக்கின் ஒளி தெரியும் இடங்களில் பூச்சு மெலிந்திருக்கிறது. கண்ணாடி இழைக் கட்டுமானத்தை ஒரு நாணயத்தால் சிறுகச் சிறுகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும்.

கட்டுப்பாட்டுக் கேபிள்களைத் துணியால் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் அறுந்த இழை துணியில் சிக்கும். கப்பியைச் சுற்றி வளையும் இடத்தில்தான் இழைகள் முதலில் அறும் என்பதால், அங்கே கேபிளைத் தளர்த்தி வளைத்துப் பாருங்கள். கேபிளின் இழுப்பைச் சரிசெய்யும் டர்ன்பக்கிளின் இரு முனைகளிலும் மூன்று புரிகளுக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. பாதுகாப்புக் கம்பி அறுபடாமல் இருக்க வேண்டும்.

போல்ட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நைலான் வளையம் கொண்ட தானே பூட்டும் நட்டை விரலால் திருகும்போது எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அதை எறிந்துவிடுங்கள். அச்சில் சுழலும் இணைப்புகளில் அந்த வகை நட்டைப் போடவே கூடாது. அங்கே பள்ளம் வெட்டிய நட்டும், அது கழலாதபடி குறுக்கே செருகி வளைக்கும் காட்டர் பின்னும்தான் இருக்க வேண்டும். 3/16 அங்குல ஏஎன்3 போல்ட்டுக்கான பொதுவான இறுக்கம் 20 முதல் 25 அங்குல-பவுண்டு. 1/4 அங்குல ஏஎன்4 போல்ட்டுக்கு 50 முதல் 70. புதியவர்கள் பெரும்பாலும் சிறிய போல்ட்டைத்தான் அளவுமீறி இறுக்குகிறார்கள். சுய பூட்டு நட்டு இறங்கும்போதே ஓர் எதிர்ப்பைத் தரும். அந்த எதிர்ப்பையும், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் அளந்து மேற்சொன்ன அளவோடு கூட்ட வேண்டும். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை ஒரு வண்ணக் கோடு இழுங்கள். அடுத்த பரிசோதனையில் அந்தக் கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்பதை ஒரே பார்வையில் அறியலாம். கோடே இல்லாத நட்டு, யாரோ பாதியில் விட்டுப்போன வேலை. அந்த யாரோ நாமாகவே இருக்கலாம்.

மர புரொப்பெல்லர் வைத்திருப்போர் பருவம் மாறும்போதெல்லாம் அதன் போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஈரப்பதம் கூடினால் மரம் உப்பும், வறண்டால் சுருங்கி இறுக்கம் போய்விடும்.

இயந்திரம்

எந்தச் சோதனைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. மேக்னெட்டோவை நிறுத்துவது பி-லீட் எனப்படும் தரையிணைப்புக் கம்பி. அது அறுந்துவிட்டால் சாவியை அணைத்த நிலையிலும் மேக்னெட்டோ உயிரோடிருக்கும். புரொப்பெல்லரைக் கையால் அசைத்த கணமே இயந்திரம் பற்றிக்கொள்ளலாம். ஆகவே ஒரு மேக்னெட்டோவை அணைக்கும்போது ஆர்.பி.எம். சிறிதும் குறையவில்லை என்றால் மகிழ வேண்டாம். அந்த மேக்னெட்டோ அணையவில்லை என்பதே பொருள். புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே கருதிக் கை வையுங்கள்.

லைகாமிங் வகை நான்கு சிலிண்டர் இயந்திரங்களில் ஒரு மேக்னெட்டோவுக்கு மாறும்போது குறைவு 175 ஆர்.பி.எம். வரையும், இரண்டுக்குமிடையே வேறுபாடு 50 வரையும் இருக்கலாம். ரோட்டாக்ஸ் 912 இயந்திரத்தில் 4000 ஆர்.பி.எம்.மில் சோதிக்கும்போது குறைவு 300ஐயும், வேறுபாடு 115ஐயும் தாண்டக் கூடாது. ரோட்டாக்ஸில் ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், அளவு பார்க்கும் முன் புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே மெல்லச் சுற்றி, தொட்டியில் குமிழியிடும் ஓசை கேட்கும்வரை ஆயிலைத் திரும்பச் செய்ய வேண்டும். அதன் ரப்பர் குழாய்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். இரண்டு கார்புரேட்டர்களும் ஒத்திசைவு இழந்தால் தாழ்ந்த வேகத்தில் அதிர்வு கூடி கியர் பெட்டியைத் தேய்க்கும். மிதவைகள் எரிபொருளை உறிஞ்சிக் கனத்தாலும் இதே அதிர்வு வரும். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவைகளையும் சேர்த்து நிறுத்தால் 7 கிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஆயில் மாற்றும்போது வடிகட்டியை வெட்டித் திறந்து, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடியுங்கள். மினுங்கும் துகளைக் காந்தம் இழுத்தால் எஃகு. இழுக்காவிட்டால் அலுமினியம் அல்லது பேரிங் உலோகம். புது இயந்திரத்தில் முதல் சில முறை கொஞ்சம் வருவது இயல்பு. தொடர்ந்து கூடினால் பறக்கக் கூடாது.

கம்ப்ரெஷன் சோதனையில் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தக் காற்றைச் சிறு துளை வழியே சிலிண்டருக்குள் செலுத்தி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறோம். பிஸ்டன் உச்சியில் இல்லாவிட்டால் புரொப்பெல்லர் ஓங்கிச் சுழலும் என்பதால் ஒருவர் அதை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். எண்ணைவிடக் காற்று கசியும் ஓசையே நமக்கு வழி காட்டும். புகைபோக்கியில் சீறினால் வெளியேற்று வால்வு. கார்புரேட்டர் வாயில் சீறினால் உள்ளிழு வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையங்கள். அளவு 60க்குக் கீழே போனால் பொதுவாகக் கவலைப்பட வேண்டும். இறுதி எல்லை இயந்திரத் தயாரிப்பாளர் தருவதே.

தடுமாற்றத்தின் மூலத்தைத் தேடும் முறை

குறை தோன்றியதும் ஸ்பானரை எடுக்காமல் முதலில் பேனாவை எடுங்கள். எப்போது வந்தது, எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில், எத்தனை நிமிடத்துக்குப் பின், எதைச் செய்தபோது நின்றது என்று எழுதியபின், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் குறை போனாலும் காரணம் தெரியாமலே போய்விடும். திரும்பி வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தாழ்ந்த வேகத்தில் நடுங்கி, திராட்டிலைத் திறந்ததும் சீராகும் இயந்திரத்தில் உள்ளிழு குழாயின் இணைப்பில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். திராட்டில் மூடியிருக்கும்போதுதான் உள்ளே வெற்றிடம் அதிகம் என்பதால் கசிவின் பாதிப்பும் அப்போதே அதிகம். ஒரு சிலிண்டரில் மட்டும் வாயு வெப்பம் ஏறி, தலை வெப்பம் சற்றே இறங்கினால், அதன் இரண்டு பிளக்குகளில் ஒன்று பொறி விடவில்லை. எந்தச் சிலிண்டர் என்று காட்டும் கருவி இல்லையா? குறையுள்ள மேக்னெட்டோவில் மட்டும் ஒரு நிமிடம் ஓட்டி அணைத்ததும், புகைபோக்கிக் குழாய்களை அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள், குளிர்ந்திருப்பதே குற்றவாளி.

ஈரமான காலநிலையில், வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், கார்புரேட்டருக்குள் பனி உறையும். இதழ்க் கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் ஆர்.பி.எம். காரணமின்றி மெல்ல இறங்குவதே அதன் முதல் அறிகுறி. கார்புரேட்டருக்கு வெப்பக் காற்றைத் திறந்துவிட்டால் ஆர்.பி.எம். முதலில் இன்னும் குறைந்து, திணறி, பிறகு பழைய நிலையைத் தாண்டி ஏறும். அந்தத் திணறலைக் கண்டு பயந்து மூடிவிடக் கூடாது. உருகிய நீர் உள்ளே போவதால் வருவது அது.

வெப்பம் ஏறிக்கொண்டே போனால் ஆயில் குளிர்விப்பானைக் குறை சொல்லும் முன் காற்றுத் தடுப்புத் தகடுகளைப் பாருங்கள். இருட்டிய பிறகு, இயந்திர மூடியைப் பொருத்தி, அதன் அடிப்பகுதியில் ஒரு விளக்கை வைத்து, முன்புறக் காற்று வாய் வழியே உள்ளே நோக்குங்கள். ரப்பர் ஓரம் மூடியோடு பொருந்தாத இடமெல்லாம் ஒளிக்கீற்றாகத் தெரியும். சிலிண்டரைக் குளிர்விக்க வேண்டிய காற்று அந்த வழியாகத்தான் வீணாக ஓடுகிறது.

மின்சாரக் குறைகளில் பெரும்பகுதி தரையிணைப்பில் முடியும். கண்ணாடி இழை, மர விமானங்களில் உலோக உடல் இல்லாததால் ஒவ்வொரு கருவிக்கும் திரும்பும் கம்பி தனியே வேண்டும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால், அது சுற்றும்போதே பேட்டரியின் எதிர்மின் முனைக்கும் இயந்திர உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள்; அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியை மாற்ற வேண்டாம், இணைப்பைச் சுரண்டி இறுக்குங்கள். இயந்திரம் ஓடும்போது 12 வோல்ட் அமைப்பில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

பழுது நீக்கியபின் மீண்டும் பறத்தல்

கட்டுப்பாடுகளில் எதையாவது கழற்றியிருந்தால், அவை தடையின்றி அசைவது மட்டும் போதாது. சரியான திசையில் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோலைக் கட்டைவிரல் மேல்நோக்கி நிற்கப் பிடித்து ஒரு பக்கம் சாயுங்கள். கட்டைவிரல் காட்டும் பக்கத்து ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) மேலே எழ வேண்டும். இதை இரண்டாமவர் ஒருவரும் தனியாகப் பார்த்துக் குறிப்பேட்டில் கையெழுத்திடட்டும். எதையாவது சேர்த்திருந்தாலோ எடுத்திருந்தாலோ எடையையும் ஈர்ப்பு மையத்தையும் மறுபடி கணக்கிடுங்கள். கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைத்தபின்பே மூடிகளைப் பொருத்துங்கள்.

பிறகு தரையில் முழுத் திராட்டிலில் ஓட்டி, முன்பு பதிந்த எண்களோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் பயணியில்லாமல் தனியே ஏறி, ஓடுபாதையை எட்டும் தூரத்திலேயே அரை மணி நேரம் வட்டமிடுங்கள். குறை 20ஆவது நிமிடத்தில் வந்ததென்றால் 10 நிமிடச் சோதனை எதையும் நிரூபிக்காது. இறங்கியதும் இயந்திர மூடியைக் கழற்றி, புதிதாகத் தொட்ட ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் வெள்ளைத் துணியால் தடவி, ஆயிலோ பெட்ரோலோ படிகிறதா என்று பாருங்கள்; வண்ணக் கோடுகளை மறுபடி பாருங்கள்; அன்றைய அளவுகளைத் தேதியோடும் வெளி வெப்பநிலையோடும் குறிப்பேட்டில் எழுதிய பிறகே கொட்டகைக் கதவை மூடுங்கள்.